பெட்டியில் எழுதிய பெயர்

ஷாதிபூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த மீனவர். படகுகளுக்கு நம்பர் எழுதுவார். எங்கள் தீவிலிருந்து கப்பலில் மெயின்லேண்டு போகிறவர்களின் டிரங்குப் பெட்டிகளில் பெயரும் எழுதித் தருவார். ஆங்கிலம் தெரியாது. நான் தாளில் எழுதிக் கொடுப்பதைப் பெட்டியில் கட்டம் போட்டு, மரச்சட்டத்தை வைத்து வரைவார். அந்த எழுத்துகளில் வளைவே இருக்காது. 'ஓ' ஒரு சதுரம், அதற்குள் சின்னச் சதுரம். 'எஸ்' படிக்கட்டு போல மடங்கும். எல்லாம் விரல் தடிமனில் வெள்ளைப் பெயிண்ட். பல வருடங்கள் கழித்துக் கால்குலேட்டரில் எண்கள் ஒளிர்ந்தபோது எனக்கு அவருடைய கைதான் நினைவுக்கு வந்தது.

"இவ்வளவு பெருசா எதுக்குண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கிரேன் வலையில தொங்கும்போதே கரையில நிக்கவனுக்குத் தெரியணும்லா தம்பி. எறும்பு கணக்கா எழுதுனா எவன் கண்டான்?"

கப்பல் வந்தால் பயணிகளுக்கு முன்னால் பெட்டிகள்தான் வலையில் இறங்கும். பெட்டி தெரிந்தால் ஆள் வந்தாயிற்று என்று பொருள். உடனே ஒருவர் வீட்டுக்கு ஓடி உலை வைக்கச் சொல்வார். ஊரில் அதுதான் வழக்கம்.

அவர் மனைவி வயிற்றில் ஆபரேஷனுக்காகத் தன் தம்பியுடன் மதராஸ் போனார். அந்தப் பெட்டியில் அவர் எழுதிய மனைவியின் பெயர் முன்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. ஆபரேஷன் முடிந்தது, அடுத்த கப்பலில் வருகிறோம் என்று செய்தியும் வந்தது.

கப்பல் வந்த அன்று நானும் அவருடன் துறைமுக ஜெட்டியில் நின்றேன். மூன்றாவது வலையில் பெட்டி தெரிந்தது.

"வந்துட்டா! ஏ பிள்ள, ஜல்தி வீட்டுக்கு ஓடு. அம்மைக்குக் கஞ்சி போடு" என்று மகளை விரட்டினார்.

பயணிகள் இறங்கினார்கள். கடைசியில் மைத்துனன் மட்டும் வந்தான். சட்டையில் கறுப்புத் துணித்துண்டு குத்தியிருந்தது. கப்பலேறுவதற்கு முந்தின நாள் அக்கா இறந்துவிட்டதாகவும், அங்கேயே அடக்கம் செய்ததாகவும் சொன்னான். அவன் அடித்த தந்தி கப்பலுக்கு அடுத்த நாள்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

அவர் அழவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை மைத்துனன் பிடித்தான். ஷாதிபூர் மேட்டில் ஏறும்போது ஒரு வங்காளி அம்மாள் பெயரைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து சிரித்தார்.

"ஆ கயி க்யா, தீதி?"

அக்கா வந்தாச்சா என்றுதான் கேட்டார். இன்னும் இரண்டு வீடுகளில் கதவு திறந்தது. அவர் பெட்டியை இறக்கி, சட்டையைக் கழற்றி, எழுத்துகளின் மேல் போர்த்தினார். சட்டை போதவில்லை. இரு ஓரத்திலும் ஒவ்வோர் எழுத்து வெளியே நின்றது.

மேட்டின் உச்சியில் காத்திருந்த மகளுக்கு அந்த இரண்டு எழுத்தே போதுமாக இருந்தது. "அம்மா" என்று கத்திக்கொண்டு கீழே ஓடிவந்தாள்.