மஞ்சள் தண்ணீர்

அந்த மழைக்காலத்தில் எங்கள் வெள்ளைக் குதிரைக்குப் பின்னங்கால் இரண்டிலும், குளம்புக்குச் சற்று மேலே, பொருக்குத் தட்டிப் புண் வந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும் குதிரை அது. தேவ்நாரில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் கட்டியிருந்தோம். சாயங்காலம் மருந்து போடுவது என் வீட்டுக்காரர். விடியற்காலையில் தீனி வைப்பது நான்.

மருந்து போடப் போடப் புண் மேலே ஏறியது. தீபாவளி கழிந்தால் கல்யாண சீசன். அதற்குள் ஆறாவிட்டால் செங்கல் சூளைக்காரனிடம் தள்ளிவிடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். சூளையில் பாரம் இழுத்தால் அந்தக் கால் என்னத்துக்கு ஆகும்?

"கால்ல ஈரமே இருக்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ. காலையில பாத்தா ஊறிக் கெடக்கு. பக்கத்துத் தபேலாக்காரன் எருமை களுவுத தண்ணிதான்" என்றார்.

அன்றே அந்த எருமைக் கொட்டில்காரனோடு சட்டையைப் பிடிக்கும் சண்டை. நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நாலு கேள்வி கேட்டேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

மறுநாள் காலையிலேயே குதிரை டாக்டரம்மா வந்து நின்றார். குனிந்து, கால் மயிருக்குள் விரலை விட்டு, முகர்ந்து பார்த்தார். தரை காய்ந்திருந்தது. மயிர் மட்டும் ஈரம்.

"தினமும் கழுவுறது யாரு?" என்று இந்தியில் கேட்டார்.

"யாரும் இல்ல மேடம்" என்று என் வீட்டுக்காரர் தபேலா பக்கம் கை காட்டினார். நான் என் விரல்களைப் பார்த்தேன். பத்தும் மஞ்சள்.

"நாந்தான்" என்றேன். "சேத்தோட எப்படி விடுதது? மஞ்சத் தண்ணி ஊத்திக் களுவி, முந்தானையால தொடச்சுத்தான் விடுதேன்."

மேலே துடைத்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், புண் அதில்தான் வளர்கிறது, சேறு தானாகக் காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும் என்றார் டாக்டரம்மா. பத்து நாள் பானி பந்த், காலில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

என் வீட்டுக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தபேலாவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், வாயைத் திறக்காமல்.

பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்து அடியில் புதுத்தோல் தெரிந்தது. சூளைக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று காலையிலும் வாளிச் சத்தம் கேட்டதும் குதிரை வழக்கம்போலப் பின்னங்காலைத் தூக்கிக் காட்டியது. பழக்கியவள் நான்தானே.

"எறக்கு தாயி" என்றேன். அது தூக்கியபடியே நின்றது. குடிக்கத் தண்ணீரை வைத்துவிட்டு, சேறு அப்பிய அந்தக் காலைத் தொடாமல் வந்தேன்.