சால்மனுக்கு எது ஊர்

சண்டையால் ஊரைவிட்டு வந்த பெரியம்மா, ஒஸ்லோவில் எங்களோடு வந்து சேரும் முன், நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் பல வருடம் நின்றவர். "நான் வெட்டின மீனெல்லாம் ஒண்டாச் சேந்து வந்தா எனக்கு நரகத்திலையும் இடமில்லை" என்று சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவர்தான் ஒரு மீனுக்காகப் பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்றார்.

எங்கள் மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஓடிய ஓடையை, கார் நிறுத்துவதற்காக எப்போதோ குழாய்க்குள் அடைத்துவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் முட்டையிட வரும் சால்மன்கள் குழாயின் வாயை நோக்கி எம்பி எம்பி, சிமெந்தில் அடிபட்டு விழும். வருடா வருடம் வருகிறவை குறைந்துகொண்டே போயின. பெரியம்மா வேலை முடிந்து அங்கே சற்று நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். குழாயை எடுத்து ஓடையைத் திறக்கவேண்டும் என்று அயலவர் சிலர் கிளம்பியபோது, அவர்களோடு கதவு கதவாகத் தட்டினார்.

அப்பாவுக்குத்தான் விசர் பிடித்தது. அவர் ஓட்டும் டாக்சியை நிறுத்தும் இடம் போய்விடுமே.

"மச்சாள், மீனுக்கு லைசென்ஸ் இருக்கோ?"

"உம்மடை காருக்குச் செதில் இருக்கோ?"

பெரியம்மாவின் நோர்வே மொழி தொழிற்சாலையில் பழகியது. கத்தி, பெட்டி, கெதியாய் வெட்டு என்பவற்றை வைத்துக்கொண்டு கூட்டத்தில் பேசமுடியாது. ஆகவே ஒன்பது வயதான நான் மொழிபெயர்ப்பாளர்.

"இது வழி தவறி வந்த மீன் இல்லை. இதுக்கு இதுதான் ஊர். ஊருக்குப் போற வழியை மறிச்சா அது எங்கை போறது? சொல்லு பிள்ளை."

ஊர் என்பதற்கு அவர்களிடம் என்ன சொல்? கிராமம் என்றால், இது ஒஸ்லோ. நாடு என்றால், மீன் வருவது கடலில் இருந்து. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "இந்த மீனின் அட்ரெஸ் இங்கேதான்."

மண்டபமே சிரித்தது. அப்படியென்றால் கடிதம் போடலாமே என்றார் முன்வரிசைக் கிழவர். சிரித்தவர்களே பிறகு வாக்கெடுப்பில் கையையும் உயர்த்தினார்கள். ஓடை வென்றது. அப்பாவின் கையும் பாதி உயர்ந்திருந்தது. தலை சொறிந்ததாகச் சொன்னார்.

வீட்டுக்கு நடக்கும்போது பெரியம்மா கேட்டார்: "என்ன சொன்னனீ, எல்லாரும் சிரிச்சவை?"

"அட்ரெஸ் எண்டு சொன்னனான்."

ஓடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "அட்ரெஸ் எனக்கும்தான் இருக்கு" என்றார். பிழை பிடிக்கிறார் என்று எனக்கு ரோசம் வந்தது.

குழாயை எடுத்த பிறகு, டுக்நாட் என்று நோர்வேக்காரர் சொல்லும் சிரமதானத்தில் எல்லோருமாகக் கல்லும் சரளையும் பரப்பினோம். அடுத்த இலையுதிர் காலத்தில் முதல் சால்மன் எங்கள் கண்முன்னே மேலேறி வந்து, வாலால் சரளையைக் கிளறிப் பள்ளம் பறித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பெரியம்மா தட்டவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, தோள் குலுங்க நின்றார்.

அவ்வளவு வடக்கே இருந்தவருக்கும் இந்தக் குளிர் தாங்கவில்லையாக்கும் என்று நினைத்து, என் கையுறைகளைக் கழற்றி அவர் கைக்குள் திணித்தேன்.