அக்கா ஊர் பார்த்த கோடை

புத்தூரிலிருந்து நாராயணவனம் போகிற ரோட்டை ஒட்டித்தான் எங்கள் நிலம். மெட்ராஸ்காரர்கள் கார் வைத்துக்கொண்டு கைலாசகோனா அருவிக்குப் போவார்கள். வழி தெரியாமல் எங்கள் கிணற்றோரம் நிறுத்திக் கேட்பார்கள். வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருக்கும் நானும் அக்காவும் நிமிர்ந்து, கையை நீட்டி வழி காட்டுவோம். நாங்கள் அந்த அருவியைப் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை திருமலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வருவதுதான் எங்களுக்குத் தெரிந்த பயணம்.

அக்காவைப் புத்தூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கூப்பிடுகிற தூரம் என்று அம்மாவுக்குப் பெருமை. அந்தச் சமயத்தில்தான் எல்லை பிரித்தார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். எங்கள் வீட்டில் அதனால் எதுவும் மாறவில்லை. சந்தையிலும் தாலூகா ஆபீசிலும் முன்பே தெலுங்குதான் பேசினோம். மாமாவுக்குத்தான் மாறியது. அவருடைய வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். நாளைக்குத் தனக்கு வேலை இருக்குமோ என்னவோ என்ற பயத்தில் மெட்ராஸ் பக்கம் மாற்றல் கேட்டார். திருத்தணி கிடைக்கும் என்று நம்பியிருந்தார். கிடைத்தது ராமநாதபுரம்.

அந்த ஊர் எங்கே இருக்கிறதென்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சர்க்கார் சம்பளம் வருகிறதே என்று அவர் அம்மாவிடம் சொன்னார். அக்காவை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், அக்கா மாமாவோடும் கைக்குழந்தையோடும் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். ஒரு காலையில் நைனாவுக்குக் கூழ் ஊற்றும்போது சொன்னாள்: "நைனா, அந்த ஊர்ல யாராச்சும் உங்க ஊர்ல பாக்கறதுக்கு இன்னா கீதுன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது? எல்லாருக்கும் வழி சொல்லிக்கினு இருந்தேன்னா?"

நைனா சிரிக்கவில்லை. அந்த வாரமே வண்டி கட்டினார்.

முதலில் நாராயணவனம். பெருமாள் கல்யாணத்துக்கு மஞ்சள் அரைத்த கல் என்று கோயிலில் ஒரு பெரிய திரிகையைக் காட்டினார்கள். அக்கா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அதை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. சின்னப் பெண் மாதிரி மறுபடி தள்ளினாள். அம்மா கண்டித்த பிறகுதான் விட்டாள்.

அப்புறம் கைலாசகோனா. கோடையிலும் அங்கே தண்ணீர் நிற்காது. பாறை உச்சியிலிருந்து வந்து தலையில் இடிக்கும். புடவையோடு போய் நின்ற அக்கா வெளியே வரவேயில்லை. குழந்தை அழுகிறது என்று மாமா பாறைமேல் நின்று கூப்பிட்டார், அதுவும் காதில் விழவில்லை. ஒருவழியாகக் கரையேறி அவள் தலை துவட்டும்போது, பக்கத்தில் சோற்று மூட்டையைப் பிரித்த ஒரு மெட்ராஸ் அம்மாள் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள்.

"ராமநாதபுரம்" என்றாள் அக்கா.

அவ்வளவு தூரத்திலிருந்தா என்று அந்த அம்மாள் வியந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பும்போது வண்டியில் கேட்டேன்: "ஏன்க்கா அப்படி சொன்ன?"

"சொல்லிப் பாத்தேன். சொன்னா எப்படி இருக்குதுன்னு."

எப்படி இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியாகச் சந்திரகிரிக் கோட்டை. ரேணிகுண்டாவில் ரயில் மாறிப் போனோம். ராஜாவின் அரண்மனை மரமே போடாமல் கட்டியது என்று மாமா விளக்கிக்கொண்டு வந்தார். அக்கா படியேறிக்கொண்டே இருந்தாள். மேல் மாடத்தில் நல்ல காற்று. ராமநாதபுரம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். மாமா தெற்கே கை காட்டினார். அங்கே மலையும் வெயிலும்தான் தெரிந்தன. அக்கா அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அழவில்லை. மாமாதான் கொஞ்ச நேரம் யாரையும் பார்க்காமல் நின்றார்.

அவர்கள் போன பிறகு வீட்டில் எதுவும் குறையவில்லை. ஆனால் யாராவது காரை நிறுத்தி வழி கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அம்மாதான் எழுந்து போய்ச் சொல்வாள்.

எனக்கு நகரியில் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துத்தான் அக்காவைப் பார்க்கப் போக முடிந்தது. எழும்பூரில் ரயில் ஏறினால் போய்க்கொண்டே இருக்கிறது. வழியில் எங்கே பார்த்தாலும் செம்மண்ணும் உடைமரமும். இங்கே எப்படி இருக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே போனேன். ஸ்டேஷனில் அக்கா தடித்து, கறுத்து, சத்தமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். ரயிலில் தூங்கிக்கினு வந்தேன் என்று நான் சொன்னதைக் கேட்டு அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த அவள் பெண் வாயைப் பொத்திச் சிரித்தது. "என்னம்மா, சித்தி இப்படிப் பேசுறாக?" என்றது.

அக்கா மறுநாளே என்னைக் கிளப்பிவிட்டாள். அரண்மனையைக் காட்டினாள். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது ஜன்னலோரம் என்னைத் தள்ளி உட்காரவைத்தாள். ராமேஸ்வரம் பிராகாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கடைக்காரர்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். நான் கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான். எப்படி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று, அந்தக் கடல் அவளே வெட்டிவைத்த குளம் என்பது மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மணலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டேன். "நம்ம ஊரு உனக்கு ஞாபகமே வர்றதில்லையாக்கா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "வராம? வந்தா அன்னிக்குச் சோறு ஆக்க முடியாது. அதான் வர விடறதில்ல. நீயும் கேக்காத."

நான் கேட்கவில்லை. இருந்த நாளெல்லாம் அவள் காட்டியதையெல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வந்ததெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். வந்த ரயில் களைப்புத் தீருவதற்குள் மாமாவின் லீவு முடிந்துவிடும். இந்தத் தடவை பத்து நாள் இருந்துவிட்டுப் போ என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். இருக்கிறேன் என்பாள். அவள் திரும்பிப் போகும் மெட்ராஸ் ரயில் நகரியில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் நான் ஜன்னல் வழியாகக் கொய்யாப் பழமும் முறுக்கும் கொடுத்து முடிக்க வேண்டும். என்ன பேசினோம் என்பது வண்டி போன பிறகு ஞாபகம் இருக்காது.