சுவரோடு நின்ற கதிரைகள்

எங்கள் வீட்டில் பதினொரு கதிரைகள் இருந்தன. நானும் என் கணவரும் குசினித் தரையில் பேப்பர் விரித்துச் சாப்பிட்டோம்.

தொண்ணூறுகளின் நடுவில் டோர்ட்மண்டில் எங்களுக்கு வாய்த்த வீடு அப்படி. வீட்டுக்காரி கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். காலஞ்சென்ற அவருடைய கணவர் பழைய தளபாடங்கள் வாங்கி விற்றவர்; விற்க மனம் வராததை எல்லாம் மேல்மாடிக்கு ஏற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். மாடியைப் பூட்டி வைக்க வீட்டுக்கார மனிசிக்கு விருப்பமில்லை, சாமான்களைப் பிரியவும் மனமில்லை. அதனால் எங்களைக் குடிவைத்தார். அங்கே குடியிருந்தது நாங்களா கதிரைகளா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

ஒன்றையும் நகர்த்தக்கூடாது. ஒன்றிலும் குந்தி இருக்கக்கூடாது. வெயில் மஹோகனி மரத்தை வெளிறச் செய்யும் என்பதால் தெற்குப் பக்க யன்னல் மறைப்புகளை எப்போதும் இறக்கியே வைக்க வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மனிசி மெல்லிய துணியோடு மேலே வருவார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். தொலைபேசியில் எங்கள் ஜேர்மன் உச்சரிப்பைக் கேட்டதுமே "வீடு போய்விட்டது" என்று வைத்துவிடுகிற ஊரில் வேறென்ன செய்வது?

அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. என் மகள் கொழும்பில் என் தங்கையோடு இருந்தாள். விட்டுவிட்டு வரும்போது அவளுக்கு மூன்று வயது. அவளைக் கூப்பிடுவதென்றால், பிள்ளைக்கென்று அறை இருக்கிறது என வீட்டுக்காரர் எழுதித் தர வேண்டும் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொன்னார்கள். அறை இருந்தது. மனிசியின் கையெழுத்துத்தான் இல்லை. கேட்டபோது கதிரைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். இந்தக் குளிர்காலம் முடியும்வரை ஒன்றிலும் ஒரு கீறலும் விழாவிட்டால் யோசிக்கலாம் என்றார்.

"ஓம் எண்டு சொல்லும்" என்று கணவர் பக்கத்தில் நின்று முணுமுணுத்தார். சொன்னேன்.

அவர் வெதுப்பகத்து வேலைக்குப் போய்விடுவார். எனக்குக் கிழமைக்கு இரண்டு நாள் காலையில் மொழி வகுப்பு. மிச்ச நேரமெல்லாம் அந்த இருட்டு அறைகளுக்குள். நடக்கும்போதுகூடச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். ஞாயிறுகளில் மகளோடு பேசும்போது, சாப்பிட்டியோ என்று கேட்பதற்கு முன்னால் பாடம் ஒப்புவிக்க வைப்பேன்.

"இஞ்சை வந்தால் ஒண்டையும் தொடக்கூடாது, என்ன?"

"ஓம் அம்மா."

மனிசி துடைத்துக்கொண்டே கதை சொல்வார். இருநூறு வருசத்துக்கு முந்தைய பாணியாம். அதற்கு முன்னால் கதிரைக் கால்கள் எல்லாம் வளைந்து நெளிந்து, சிப்பியும் இலையுமாக இருந்தனவாம். பிறகு இத்தாலியில் எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்து கிடந்த ரோமப் பட்டணங்களைத் தோண்டினார்கள். பார்த்து வந்தவர்களுக்குப் பழைய கோயில்களின் பைத்தியம் பிடித்தது. கதிரைக் கால் நிமிர்ந்தது, தூணைப் போல வரிவரியாகக் குழிந்தது, கீழே போகப் போக ஒடுங்கியது. இடப்பக்கம் எதுவோ வலப்பக்கமும் அதுவே. பூமாலையும் குடமும் நாடாமுடிச்சும் வந்தன. பின்னால் வந்த ஜேர்மன்காரர் அந்தக் காலத்து ஆண்களின் சடையைக் கேலிசெய்து இந்தப் பாணிக்குப் பின்னல் என்று பட்டம் வைத்தார்களாம். அதைச் சொல்லும்போது என் பின்னலைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

கதிரைகளின் பின்பக்கத்தில் மட்டும் ஒரு வேலைப்பாடும் இல்லை. ஏன் என்று கேட்டேன். அரண்மனைகளில் இவை சுவரோடு நிற்பதற்கென்றே செய்தவை, பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்றார். ஆள் வந்தால்தான் வேலைக்காரன் ஒன்றை முன்னுக்கு இழுத்துப் போடுவானாம். ஆள் போனதும் திரும்பச் சுவரோடு.

தைப்பொங்கல் வந்தது. மகளுக்கென்று நினைத்திருந்த அறையில் இழுத்துத் திறக்கிற மூன்று லாச்சி வைத்த ஒரு மேசை நின்றது. மூலைக்கு மூலை தூண், முகப்பில் மாலை, மேலே வெள்ளைச் சலவைக்கல். பார்த்தால் சின்னக் கோயில். மஞ்சள் தூளைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்தேன். வெற்றிலைக்கு எங்கே போவது? கை துடைக்கிற கடுதாசித் துவாயை நாலாக மடித்து, அதன்மேல் பிள்ளையாரைக் கல்லில் இருத்தினேன். பிள்ளை வர ஒரு தடையும் இருக்கக்கூடாது என்று கும்பிட்டேன்.

மறுநாள் எடுத்தால், ஈரம் ஊறி, கல்லில் கோப்பையடி அளவுக்கு மஞ்சள் வட்டம்.

தடையை நீக்கச் சொன்னால் தடையைப் போட்டுவிட்டுப் போகிறீரே என்று பிள்ளையாரையே ஏசினேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. "தேசிக்காய் போட்டால் எந்தக் கறையும் போகும்" என்று கணவர் கடைக்கு ஓடினார். எலுமிச்சைப் புளி மஞ்சளை எடுக்கவில்லை. கல்லின் பளபளப்பைத்தான் எடுத்தது. இப்போது ஒன்றுக்கு இரண்டு குற்றம். அடுத்த தெருவில் இருந்த தமிழ் அக்கா ஒருவருக்குப் போன் போட்டு அழுதேன்.

"மஞ்சள்தானே பிள்ளை? ரெண்டு நாள் வெயில்லை விடும், போயிடும்."

வெயிலாம். டோர்ட்மண்டில், ஜனவரியில், மறைப்பு இறக்கிய அறையில். கல்லைத் தூக்கவோ நாலு பேர் வேண்டும். வேறு வழி தெரியாமல் மகளின் படத்தைச் சட்டத்தோடு வட்டத்தின்மேல் வைத்தேன். அடுத்தவரின் படத்தைத் தொடும் பழக்கம் மனிசிக்கு இல்லை, சுற்றித்தான் துடைப்பார். எட்டுச் சனிக்கிழமை என் பிள்ளை என் குற்றத்தின்மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச்சில் ஒரு நாள் வெயில் எறித்தது. என் சேலைகள் எல்லாவற்றையும் எடுத்துவந்து மேசையின் தூண், மாலை, லாச்சி என்று மரம் தெரியாமல் சுற்றினேன். கதிரைகளுக்குப் போர்வை போர்த்தினேன். படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மறைப்பை உயர்த்தி யன்னலையும் திறந்தேன். முதல் நாள் மஞ்சள் எலுமிச்சை நிறமாயிற்று. இரண்டாம் நாள் பழைய பல்லின் நிறம். மூன்றாம் நாள் மனிசி தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டார்.

படியில் காலடி கேட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மேசையருகே தரையில் இருந்தபடியே, தெரிந்த அரைகுறை ஜேர்மனில் பிள்ளையாரிலிருந்து தேசிக்காய் வரை சொல்லிவிட்டேன்.

அவர் சேலையின் ஓரத்தைத் தூக்கி மரத்தைத் தொட்டுப் பார்த்தார். மரத்தில் சூடு இல்லை. கல்லில் மங்கிப்போன இடத்தை விரலால் சுற்றினார்.

"இது போகாது" என்றார்.

"தெரியும்."

"ஆனால் மரத்தை மூடியிருக்கிறீர்கள்." பிறகு என் மடியைப் பார்த்தார். "படத்தில் எத்தனை வயது?"

"மூன்று."

"இப்போது?"

"ஐந்து முடியப் போகிறது."

மறைப்பைத் தன் கையாலேயே இறக்கிவிட்டுப் போனார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கதவின் கீழே ஒரு கடிதம் கிடந்தது. அறையின் நீளம், அகலம், யன்னல் ஒன்று, பிள்ளைக்கு ஏற்றது, கையெழுத்து. அந்த யன்னலின் மறைப்பு எப்போதும் இறக்கியே இருக்கும் என்பதை மட்டும் எழுதவில்லை.

மகள் வந்து இறங்கியபோது அவளுக்கு ஆறு வயது. படத்திலிருந்த பிள்ளையைத் தேடிக்கொண்டு நின்ற எனக்கு, நெடுத்து மெலிந்த வேறொரு பிள்ளை கைகாட்டியது. வீட்டுக்குள் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடு அறையில் நின்றாள். கதிரைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நான் எங்கை இருக்கிறது?"

"குசினிக்கு வா குஞ்சு" என்றார் கணவர். அவர் தரையில் பேப்பர் விரித்துவிட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆள் வந்தால் இழுத்துப் போடுவார்கள் என்றுதானே மனிசி சொன்னார்? என் ஆள் வந்துவிட்டாள். கைப்பிடி வைத்த கதிரை ஒன்றைச் சுவரிலிருந்து பிடித்து இழுத்தேன். மரத்தரையில் அது போட்ட சத்தம் கீழே கேட்காமல் இருந்திருக்காது. யாரும் மேலே வரவில்லை.

மகளைத் தூக்கி அதில் இருத்தினேன். கால் தரைக்கு எட்டவில்லை. சப்பாத்தை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

"கையை இதிலை வையம்மா" என்று கைப்பிடியைத் தட்டிக் காட்டினேன்.

அவள் அசையவில்லை.

"நான் ஒண்டையும் தொடேல்லை, அம்மா" என்றாள்.