ஆளோடு சேர்த்துப் படித்த ஆங்கிலம்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் இரண்டு முறை கோட்டை விட்டவர் ராஜவேலு. ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்தான் தன் பெண்டாட்டி தேவிப்ரியாவுக்கு ஆங்கில வாத்தியார் என்றால் சிரிப்பு வராதா? ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவருக்கென்ன!

தேவிப்ரியா டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அயர்லாந்தில் வேலைக்குப் போக வேண்டுமானால் ஆங்கிலப் பரீட்சை ஒன்றைத் தாண்டியாக வேண்டும். இரண்டு தடவை எழுதினாள், இரண்டு தடவையும் போச்சு. மருந்துப் பெயரெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. வெள்ளைக்காரன் சுற்றி வளைத்துப் பேசும் சொல்வழக்குகள்தான் மண்டையில் நிற்க மாட்டேன் என்றன.

மூன்றாம் தடவைக்கு ராஜவேலு தானே நோட்டைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "வெறும் வார்த்தைய படிச்சா மறந்துதான் பூடும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள மாட்டு. மனுசங்கள மறப்பியா நீ?"

அன்றிலிருந்து ஆட்டோவில் ஏறிய ஒருவரும் தப்பவில்லை. 'ஆன் தி ஃபென்ஸ்' என்றால் முடிவு சொல்லாமல் இழுப்பது. அதற்குப் பாலாஜி. மூன்று வருஷமாகப் பெண் பார்க்கிறான், சரி என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை, பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டு வருகிறான். 'பைட் தி புல்லட்' என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது. அதற்குப் பெரியநாயகியம்மாள். வீங்கின முட்டியோடு தினமும் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்; ஒரு நாள் 'அம்மாடி' என்று சொல்லிக் கேட்டதில்லை. இப்படி நூறு பேருக்கு மேல் நோட்டில் ஏறிவிட்டார்கள்.

ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டே போனது. 'கெட் இட் ஆஃப் யுவர் செஸ்ட்'. மனசில் அடைத்து வைத்திருப்பதைக் கொட்டிவிட்டு லேசாவது. அதற்கு யாரை மாட்டினாலும் ஒட்டவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் காலை, நைட் டூட்டி முடித்து வந்தவளை ஏற்றிக்கொண்டு ராஜவேலு வீட்டுக்குத் திரும்பினார். அந்த நேரத்தில் கூட்டமெல்லாம் டவுனை நோக்கித்தான். இந்தப் பக்கம் வண்டி காலி. கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். டக் டக்கென்று பதில் சொன்னவள் அந்த ஒன்று வந்ததும் திருதிருவென்று விழித்தாள்.

"அதுக்கு ஆளே கிடைக்கலய்யா. நமக்குத் தெரிஞ்சவங்க யாரு மனசுல இருக்கறத அப்படிச் சொல்றாங்க?"

ராஜவேலு வண்டியை ஓரங்கட்டினார். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே இருந்தார், திரும்பவில்லை.

"போன தபா நீ பாஸ் பண்ணக்கூடாதுன்னு வேண்டிக்கினேன் தேவி. குமரக்கோட்டத்து முருகன் முன்னால நின்னுக்கினு வேண்டிக்கினேன். ஃபெயில்னு வந்திச்சு. நீ அழுவுற, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். அந்தப் பாவம் என்னைத் தின்னுக்கினே இருக்குது. நீயில்லாத வூட்டுக்கு நான் எப்பிடிமா போவேன்? ஆனா நீ போவணும். அதான் இந்த தபா நானே சொல்லித் தர உக்காந்தேன்."

தேவிப்ரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை மாத உழைப்பு! திட்ட வாயெடுத்தவள், சட்டைத் தோளில் அவர் முகத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தாள். பின்சீட்டிலிருந்து இறங்கி வந்து, முன்சீட்டில் அவரை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பாவி மனுஷன், இத்தனை நாள் இதைச் சுமந்துகொண்டா வண்டி ஓட்டினான்!

"மனசார சொல்றேன், பாஸ் பண்ணு," என்றார் ராஜவேலு. "அதுக்கு ஆள் இல்லன்னியே, என்னையே மாட்டிக்க. எழுதிக்கமா."

அவர் எடுத்து நீட்டிய நோட்டை அவள் வாங்கி மூடினாள்.

"இத எழுதி வெச்சாதான் எனக்கு ஞாபகம் வருமாய்யா?"