ராட்டினத்தின் ஓரத்தில் அண்ணி

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் பூங்காவில் வேலை. பிள்ளைகள் தள்ளிச் சுற்றும் இரும்புத் தட்டு ராட்டினத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கனத்த உடம்பு அவருக்கு. அச்சுக்கு கிரீஸ் வைக்கக் குனிந்தால் நிமிர நேரமாகும்.

"கிரேன் வரச் சொல்லட்டுமா?" என்பார் தோட்டக்காரர்.

"வரட்டும். மொதல்ல உங்க தொப்பையைத் தூக்கட்டும்."

போன மாதம் ஒரு பையன் விழுந்து பல் உடைந்தது. "இன்னொருத்தர் விழுந்தா இதைக் கழட்டிருவோம். உங்களுக்கும் இங்க வேலை இருக்காது" என்றார் மேற்பார்வையாளர். அண்ணி வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான்.

ஒரு மாலை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். பெரிய பிள்ளைகள் தட்டை வேகமாகத் தள்ளிவிட்டு ஓடிவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி மாட்டிக்கொண்டாள். கால்கள் வெளியே தொங்கின. கம்பியை இழுத்து ஒரேயடியாக நிறுத்தினால் தெறித்து விழுவாள். அண்ணி எதிர்ப்பக்க ஓரத்தில் ஏறினார். வேகம் தணிந்தது, ஆனால் தட்டு நிற்கவில்லை.

அப்போதுதான் தப்பு செய்தார். நடுத்தண்டுதான் பத்திரம் என்று அங்கே எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. "நடுவுக்கு வா கண்ணு, நடுவுக்கு வா!" என்று கத்திக்கொண்டே அவரும் தண்டை நோக்கி நகர்ந்தார். யாரும் தள்ளாமலே தட்டு மறுபடி வேகமெடுத்தது. சின்னவளின் ஒரு கை நழுவியது.

அண்ணி ஒரு கணம் தண்டைப் பிடித்து நின்றார். பிறகு கம்பி கம்பியாகப் பிடித்து ஓரத்துக்கே திரும்பினார். தட்டு தளர்ந்தது. நான் கூடவே ஓடி, பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவெல்லாம் அதையே யோசித்தேன். புதிதாக ஏறிய ஆளுக்கும் தட்டு தன் சுற்றில் பங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. ஓரத்தில் நிற்பவருக்குப் பெரிய பங்கு, அதனால் தட்டு தளர்கிறது. அவர் நடுவுக்குப் போனால் அந்தப் பங்கு தட்டுக்கே திரும்பி, அது வேகமெடுக்கிறது. மொத்தத்தில் எதுவும் காணாமல் போவதில்லை.

பூங்காவில் நான் பிள்ளையை வாங்கியதுமே சின்னவளின் அம்மா ஓடிவந்திருந்தாள். "இவ்ளோ பெரிய உடம்ப வச்சுக்கிட்டு அதுமேல ஏறலாமா? ஒடைஞ்சா என்னாகும்?"

"ஒடைஞ்சா ஒடையட்டும்மா. உங்க பொண்ணு முழுசா இருக்கால்ல?"

குரலில் சிரிப்பு இருந்தது.

யாரும் விழாததால் வேலை தப்பியது. இப்போது அண்ணி யாரையும் நடுவுக்குக் கூப்பிடுவதில்லை. "இருக்குற எடத்துலயே கெட்டியாப் புடிச்சுக்கோ, நான் ஏறிக்கறேன்" என்கிறார்.