முப்பது கதிரைகள்

அகஸ்டினா இரண்டு உள்ளங்கைகளையும் கதிரையில் ஊன்றித் தன் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்குகிறாள். கால் விரியவில்லை என்று கண்டபின்தான் அடுத்ததற்குப் போவாள். மொத்தம் முப்பது பிளாஸ்டிக் கதிரைகள். கல்யாணமோ சாவோ, வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் இந்தச் சோதனை உண்டு. "ஒக்காந்தவங்க விழுந்தா பேரு நமக்குத்தாங்க" என்பாள். அதில் ஒன்றுக்குக் கால் வெடித்திருக்கிறது. அதைத் தூக்கி எறியவும் மனம் வராது, யாருக்கும் கொடுக்கவும் மாட்டாள். எப்போதும் அடுக்கின் உச்சியில் அது கிடக்கும்.

கதிரைகள் அவளுடையவை அல்ல. தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவளோடு குடியிருக்கும் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வாங்கியவை. கூடவே ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு சின்ன ஜெனரேட்டர். லயத்தின் கடைசி வீடு அவளுடையது. புருஷன் பிலிப்பு உயிரோடிருந்தபோது வாசலில் தகரம் போட்டு இறக்கிய அறையொன்று அங்கே உண்டு என்பதால் எல்லாச் சாமானும் அவள் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

இருபத்தாறு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலித்தவள். போன வருஷம் அதை மூடிவிட்டார்கள். இன்றும் ஹாலிஎலைக் கடையில் தேயிலை வாங்கினால் இரண்டு விரலால் நசுக்கி மோந்து பார்ப்பாள். "இது தூளா, கூட்டி அள்ளுன குப்ப" என்று கடைக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அதையே வாங்கி வருவாள்.

வேலை போன குடும்பங்களுக்கு நிவாரணம் என்று சொல்லி ஒருவர் கணக்கெடுக்க வந்தார். தாளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனார். ஜெனரேட்டர்? "இருக்குங்க." ஸ்பீக்கர்? "இருக்குங்க, நல்லாப் பாடும்." கதிரை? "முப்பது. ஒன்னு மட்டும் ஒடசல்." பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் பெருமை அவளை அப்படிப் பேச வைத்தது. யாருடையது என்று அவர் கேட்கவில்லை. லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. வசதியுள்ள குடும்பம், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

நல்ல வசதிதான். உயர்தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கையில் மகள் லக்ஷிகா பஸ் காசில்லாமல் பதுளைக்கு வகுப்புக்குப் போவதை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டாள். நிவாரணம் கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு பண்டாரவளைத் துணிக்கடையில் நிற்பதென்று பேசியாயிற்று.

ஒரு தடவை மட்டும் மேன்முறையீடு செய்யலாம். போன செவ்வாய்க்கிழமை வீட்டை நேரில் பார்க்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தனலெட்சுமிதான் யோசனை சொன்னாள். "பொதுச் சாமான்னா பில்லு எங்கம்பாங்க. அத எங்க போயித் தேடுறது? கண்ணுல படாம இருந்தாப் போதும்க்கா." அன்று விடிந்ததும் எல்லாம் தனலெட்சுமி வீட்டுக்குள் போயின. தன் பொருளே அல்லாததை ஒளிக்கும்போதும் அகஸ்டினாவின் நெஞ்சு திருடியவளுடையது போல அடித்துக்கொண்டது.

வந்த அதிகாரி ஜெனீரா, பதுளையிலிருந்து வந்த இளம்பெண், ஏழு மாதக் கர்ப்பிணி. ரோட்டிலிருந்து நூற்று நாற்பது படி ஏறி வந்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். லக்ஷிகா மணைப் பலகையை இழுத்துப் போட்டாள். ஜெனீரா வயிற்றைப் பிடித்துக் குனியப் பார்த்து, முடியாமல் நிமிர்ந்தாள்.

"பரவால்ல, நின்டுக்கிட்டே எழுதுறேன்."

வெறும் அறையைச் சுற்றிப் பார்த்து எழுதத் தொடங்கினாள். நெற்றி வேர்வை தாளில் சொட்டியது.

அகஸ்டினா மகளைப் பார்த்தாள். வேண்டாம் என்று லக்ஷிகா மெல்லத் தலையாட்டினாள். வாசலில் நின்ற தனலெட்சுமி கண்ணை உருட்டினாள். அகஸ்டினாவுக்கு இரண்டும் தெரிந்தது.

"கொஞ்சம் இருங்க மிஸ்."

தனலெட்சுமியை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போனாள். உச்சியில் கிடந்த ஒடசல் கதிரையை எடுத்து ஓரமாக வைத்தாள். அடுத்ததைத் தூக்கி வந்து, அதிகாரியின் கண்முன்னாலேயே இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிப் பாரத்தை இறக்கிப் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள்.

"ஒக்காருங்க மிஸ். இது விழாது."